பெட்டி திறந்த அன்றே எழுதப்படும் தீர்ப்பு

புதிய கேமிங் மவுஸ் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் ஒரே சடங்கு திரும்பத் திரும்ப நிகழ்கிறது. கறுப்புப் பெட்டி மேசைமீது வைக்கப்படுகிறது. உறை கிழிபடும் ஓசை தனியே பதிவு செய்யப்படுகிறது. மவுஸ் எடைத்தட்டில் ஏற்றப்படுகிறது. பக்கங்கள் அழுத்திப் பார்க்கப்படுகின்றன. காதருகே வைத்துக் குலுக்கப்படுகிறது. பிறகு வாலரன்ட்டிலோ கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கிலோ நான்கைந்து சுற்றுகள். அன்று இரவுக்குள் ‘முதல் அனுபவம்’ என்ற தலைப்பில் தீர்ப்பு வெளியாகிவிடுகிறது: இந்த ஆண்டின் சிறந்த மவுஸ் இதுதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தீர்ப்புக்குக் கீழே வாங்குவதற்கான இணைப்பு இருக்கிறது. அதன் வழியே எவரேனும் வாங்கினால் தீர்ப்பெழுதியவருக்குத் தரகு கிடைக்கிறது. வாசகர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்புவதில் வியப்பில்லை.

இத்தீர்ப்பை வாசிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின் வழி உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்பதே பல ஆண்டுகளாக நிலைத்துவந்த தொகை. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். முன்னணி நிறுவனங்களின் உயர்வகைக் கம்பியில்லா கேமிங் மவுஸ் ஒன்றின் விலையோ இந்தியாவில் எளிதாகப் பத்தாயிரத்தைத் தாண்டும். முதல் வகை மாணவருக்கு அது ஒரு மாத வாழ்வுக்கும் மேல். அவர் அந்த மவுஸை விளையாட மட்டும் வாங்குவதில்லை. பகலில் அதே மவுஸால் செயற்கைக்கோள் படத்தின்மீது ஏரிகளின் எல்லையை வரைகிறார். நுண்ணோக்கிப் படத்தில் செல்களை எண்ணுகிறார். பழஞ்சுவடியின் ஒளிப்படத்தில் எழுத்து எழுத்தாகக் குறியிடுகிறார். ஒரு நாளைக்குப் பல்லாயிரம் கிளிக்குகள். விளையாட்டு இரவில் ஒரு மணிநேரம். இத்தகையவரிடம், ஆறு மணிநேரம் கையில் வைத்திருந்த ஒருவர், இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்க வேண்டிய ஒரு பொருளைப் பற்றி உறுதி கூறுகிறார். இதில் நகைப்புக்கு இடமில்லை. ஒருவருடைய சொற்பமான பணத்தின்மீது, ஆதாரமில்லாத ஓர் உறுதி ஏற்றி வைக்கப்படுகிறது.

முதல் அனுபவத்தை எழுதுவதே குற்றம் என்று எவரும் சொல்லவில்லை. முதல் அனுபவம் ஒரு தரவு. சிறியது, ஆனால் பயனுள்ளது. அத்தரவு தீர்ப்பின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வதே குற்றம். அந்த நாற்காலியில் உட்கார அதற்குத் தகுதியில்லை என்பதற்கு, மவுஸ் என்ற கருவியின் சொந்த வரலாற்றைக் காட்டிலும் வலிமையான சாட்சி வேறொன்றில்லை.

1964இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துக்கு பில் இங்கிலிஷ் வடிவம் கொடுத்தார். மரத்தைக் குடைந்து செய்த கூடு. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு சக்கரங்கள். மேலே ஒரு பொத்தான். திரையில் ஓரிடத்தைச் சுட்டுவதற்கு அன்று மவுஸ் ஒன்றே வழியாக இருக்கவில்லை. ஒளிப்பேனா இருந்தது; ஜாய்ஸ்டிக் இருந்தது; மேசைக்கு அடியில் பொருத்தி முழங்காலால் அசைக்கும் கருவியொன்றும் இருந்தது. எது சிறந்தது என்பதை அக்குழுவினர் சோதித்தார்கள். இங்கிலிஷ், எங்கல்பார்ட், பெர்மன் ஆகிய மூவரும் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் அச்சோதனையின் முடிவுகள் உள்ளன. பழகியவர்களின் கையில் மவுஸ் வேகத்திலும் துல்லியத்திலும் முதலிடம் பெற்றது. பழகாதவர்களோ ஒளிப்பேனாவிலும் முழங்கால் கருவியிலும்தான் மவுஸைவிட நன்றாகச் செயல்பட்டார்கள்.

இந்த முடிவின் பொருளை நின்று யோசிக்க வேண்டும். அன்று ‘முதல் அனுபவம்’ எழுதும் ஒருவர் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, எல்லாக் கருவிகளையும் ஒரு பிற்பகல் முழுக்கத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்பெழுதியிருந்தால், எதிர்காலம் முழங்காலுக்கே உரியது என்று எழுதியிருப்பார். மரக்கட்டையை மேசையில் இழுப்பது அசட்டுத்தனம் என்று மதிப்பெண் போட்டிருப்பார். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். தம் கை உணர்ந்ததை நேர்மையாகவே எழுதியிருப்பார். நேர்மையாக எழுதியும் தவறாகவே எழுதியிருப்பார். முதல் அனுபவத்தின் சிக்கல் எழுதுபவரின் ஒழுக்கத்தில் தொடங்குவதில்லை. அவர் அளக்கும் பொருளிலேயே தொடங்குகிறது. புதிய கருவியைத் தொடும் முதல் நாளில் ஒருவர் அளப்பது அக்கருவியைவிடத் தம் பழைய பழக்கத்தையே. பழைய மவுஸ் போலவே இருந்தால் ‘உடனே கைக்குப் பொருந்திவிட்டது’ என்கிறார்; வேறாக இருந்தால் ‘ஏதோ சரியில்லை’ என்கிறார். இரண்டு வாக்கியங்களும் அவர் கையின் நினைவைப் பற்றிய செய்திகள்.

பின்னாளில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கார்டு, இங்கிலிஷ், பர் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஒப்பாய்வு இதை உணர்ந்தே வடிவமைக்கப்பட்டது. கருவியைத் தந்த உடனே அளந்து முடிவு கட்டவில்லை. பயிற்சியால் வரும் முன்னேற்றம் ஏறக்குறைய நின்றுபோகும் நிலைவரை காத்திருந்து, அதன் பிறகு கிடைத்த அளவுகளையே ஒப்பிட்டார்கள். மவுஸ் வென்றது. கருவி மதிப்பீட்டின் பாலபாடம் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. இன்றைய திறனாய்வாளர் அதை மறுக்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதையே அறியாமல் கடந்துபோகிறார்.

முதல் நாளில் எவற்றை அறிய முடியும் என்று கேட்பது நியாயம். எடையை அறியலாம். நீள அகலங்களை அறியலாம். பொத்தான்கள் ஆடுகின்றனவா, கூடு நெரிபடுகிறதா, அடிப்பகுதி வழுக்கிச் செல்கிறதா, மென்பொருள் நிறுவும்போதே தகராறு செய்கிறதா என்பவற்றை அறியலாம். இவை உண்மையான தகவல்கள், வாங்குபவருக்கு வேண்டியவை. ஆனால் இவற்றில் எதுவும் அந்த மவுஸ் நல்லதா என்ற கேள்விக்கு விடையாகாது. மாப்பிள்ளையின் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு வந்து குணம் தங்கம் என்று சொல்லும் தரகரின் வேலையைத்தான் இந்தத் தீர்ப்புகள் செய்கின்றன.

மவுஸ் பெரும்பாலும் எப்படிச் சாகிறது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். ஒருமுறை அழுத்தினால் இருமுறை கிளிக் ஆகும் நோய்தான் மவுஸ்களின் பொதுநோய். சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய உலோக இதழ் ஒவ்வொரு அழுத்தத்திலும் வளைந்து மற்றொரு முனையைத் தொடுகிறது. தொடும் கணத்தில் அது ஒரே தொடுகையாக நிற்பதில்லை. சில மில்லிநொடிகளுக்குள் பலமுறை துள்ளி அதன் பிறகே அடங்குகிறது. அத்துள்ளலைப் பல கிளிக்குகளாக எண்ணிவிடாமலிருக்க, மவுஸின் உள்மென்பொருள் சிறிது நேரம் பொறுத்திருக்கிறது. நாளடைவில் இதழ் தளர்கிறது, முனைகளில் ஆக்சைடு படிகிறது, துள்ளல் நீள்கிறது. ஒருநாள் துள்ளல் அந்தப் பொறுமையின் எல்லையைத் தாண்டுகிறது. அன்று கோப்பை இழுக்க முயன்றால் திறந்துகொள்கிறது. ஒரு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு விழுகிறது.

இங்கேதான் முதல் நாள் தீர்ப்பின் உண்மையான கேடு இருக்கிறது. கேமிங் மவுஸ் ‘வேகமாக’ உணரப்பட வேண்டும் என்பதற்காக அந்தப் பொறுமை நேரம் குறைக்கப்படுகிறது. குறைத்தால் முதல் நாளில் கிளிக் கூர்மையாகத் தெரியும், திறனாய்வாளர் புகழ்வார். அதே குறைப்பு, தேய்ந்த சுவிட்சின் துள்ளலை முன்கூட்டியே வெளியே கொண்டுவரும்; முந்நூறாம் நாளில் வாங்கியவர் அவதிப்படுவார். முதல் நாளின் புகழும் முந்நூறாம் நாளின் பழுதும் ஒரே முடிவின் இரு விளைவுகள். முதலாவதை மட்டும் எண்ணி மதிப்பெண் தரும் ஒரு மரபு, இரண்டாவதை உற்பத்தி செய்ய நிறுவனங்களுக்கு ஊக்கம் தருகிறது. ஒளியால் இயங்கும் சுவிட்சுகள் இந்தச் சிக்கலிலிருந்து விலகும் வழியாக வந்திருக்கின்றன. அவையும் ஆண்டுக்கணக்கில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பெட்டி திறப்பு சொல்லாது.

பெட்டியின்மீது ‘10 கோடி கிளிக்குகள்’ என்று அச்சிட்டிருக்கும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் கிளிக் என்று கொண்டால் அது பத்தாயிரம் நாட்கள். 27 ஆண்டுகளுக்கும் மேல். அதே பெட்டிக்குள் இருக்கும் வாரண்டிச் சீட்டு பெரும்பாலும் 2 ஆண்டுகளையே பேசுகிறது. 27 ஆண்டுகள் உழைக்கும் என்று அறிவிப்பவர் 2 ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பேற்க ஏன் தயங்குகிறார் என்பது எளிய கேள்வி. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனால் அதைக் கேட்கும் முதல் அனுபவக் கட்டுரையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எண்ணை அப்படியே எடுத்து எழுதிவிட்டு ‘நீடித்து உழைக்கும்’ என்று உரை சொல்பவர்களே மிகுதி.

எண் வழிபாடு சுவிட்சோடு முடிவதில்லை. 2024இல் வந்த ரேசர் வைப்பர் வி3 புரோவை எடுத்துக்கொள்ளலாம். எடை 54 கிராம். சென்சாரின் உச்ச அளவு 35,000 டிபிஐ. ஓர் அங்குல அசைவை 35,000 படிகளாக எண்ணும் திறன் என்பது அதன் பொருள். அந்த அமைப்பில் வைத்தால் 1,920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவு போதும். மூச்சு விட்டாலே அம்பு திரையின் மறுகோடிக்கு ஓடிவிடும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 400, 800, 1,600 என்ற அளவுகளிலேயே ஆடுகிறார்கள். ஆகவே 26,000க்கும் 35,000க்கும் உள்ள வேறுபாடு எந்தக் கையும் எட்டிப் பார்க்காத உயரத்தில் நடக்கும் போட்டி. அது மதிப்புரைகளில் ‘மேம்பாடு’ என்ற பெயரில் இடம்பெறுகிறது.

போலிங் ரேட் என்பது இன்னொரு தெய்வம். மவுஸ் தன் இருப்பிடத்தை நொடிக்கு எத்தனை முறை கணினிக்குச் சொல்கிறது என்பது அது. 125 முறை என்றால் 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. 1,000 முறை என்றால் 1 மில்லிநொடி. 8,000 முறை என்றால் 0.125 மில்லிநொடி. முதல் தாவலில் மிச்சமாவது 7 மில்லிநொடி. இரண்டாவதில் 0.875 மில்லிநொடி மட்டுமே. நொடிக்கு 144 முறை மாறும் திரையில் ஒரு படம் ஏறக்குறைய 6.9 மில்லிநொடி நிற்கிறது. சாதாரண 60 முறைத் திரையில் 16.7. இந்த நிலையில் ‘8,000இல் வேறுபாட்டை உடனே உணர முடிந்தது’ என்று எழுதுபவர், எது எந்த அமைப்பு என்று தமக்குத் தெரியாதபடி மாற்றிவைத்துச் சோதித்தாரா? மருந்தியல் மாணவர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மாத்திரையைப் பற்றிய கூற்றை ஏற்கமாட்டார். மிகத் தேர்ந்த ஆட்டக்காரர், மிக வேகமான திரையில், வேறுபாட்டை உணரக்கூடும். ஆனால் கூடும் என்பதற்கும் உணர்ந்தேன் என்பதற்கும் இடையே ஒரு சோதனை இருக்க வேண்டும். அந்த வேகத்துக்கு விலையும் உண்டு: நிறுவனத்தின் கணக்குப்படியே இந்த மவுஸின் பேட்டரி 1,000 என்ற அமைப்பில் 95 மணிநேரம் தாங்கும்; 8,000இல் 17 மணிநேரம். அடிக்கடி மின்னேற்றம் செய்தால் பேட்டரி முன்னதாகவே மூப்படையும். அந்த மூப்பும் முதல் நாளில் தெரியாது.

கையைப் பற்றியும் பேச வேண்டும். ‘நடுத்தரக் கைகளுக்கு ஏற்றது’ என்ற வாக்கியம் இல்லாத முதல் அனுபவம் இல்லை. யாருடைய நடுத்தரம்? இந்திய உடல் அளவுகளைத் திரட்டி தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்த நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டது. வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களின் மேசையில் கிடக்கும் நூல் அது. அதைத் திறந்து தம் கை எந்த வரிசையில் விழுகிறது என்று பார்த்து எழுதுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்குக்கூட நேரமில்லாமல், வெளிநாட்டுக் காணொளியில் கேட்ட ‘நடுத்தரம்’ இங்கே மொழிபெயர்க்கப்பட்டு உலவுகிறது. பெண்களின் கை, இடக்கைப் பழக்கமுடையோரின் கை, மணிக்கட்டு வலியோடு ஆய்வேடு எழுதி முடிக்கும் ஒருவரின் கை ஆகியவை அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை.

காலநிலையும் அப்படியே. மும்பையின் ஆடி மாதத்து ஈரத்திலும் கொல்கத்தாவின் புழுக்கத்திலும் ரப்பர் போன்ற மென்பூச்சு இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ பிசுபிசுக்கத் தொடங்கலாம். பாலியூரித்தேன் வகைப் பூச்சு ஈரத்தால் சிதைவது வேதியியலில் பழைய செய்தி. குளிரூட்டிய அறையில் ஒரு மாலைப்பொழுது கையில் வைத்திருந்தவர் ‘பிடிப்பு அற்புதம்’ என்று எழுதுகிறார். பிடிப்பு அற்புதமாகத்தான் இருக்கும். சில ஆண்டுகளில் மவுஸே கையை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் சட்டம் உறங்கிவிடவில்லை. தவறான விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் தடுக்கும் வழிகாட்டு நெறிகள் 2022 ஜூனில் வந்தன. சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கான விளக்கக் குறிப்பை நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தாம் பயன்படுத்தாத அல்லது அனுபவித்தறியாத பொருளைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது அது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இணையவழி நுகர்வோர் மதிப்புரைகளுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்ற தர வரையறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. ஆயினும் இவற்றினூடே ஓர் ஓட்டை தெரிகிறது. ‘பயன்படுத்தியிருக்க வேண்டும்’ என்று சொல்லும் குறிப்பு எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து நாற்பது நிமிடம் உருட்டியதும் பயன்பாடே. சட்டத்தின் சொல்லுக்கு உட்பட்டு, சட்டத்தின் நோக்கத்துக்கு வெளியே, ஒரு முழுத் தொழிலே நடக்க முடிகிறது.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. ‘தலைப்பிலேயே முதல் அனுபவம் என்றுதானே எழுதியிருக்கிறது, அதற்கு மேல் எவர் உரிமை கோரினார்?’ என்பது முதலாவது. தலைப்பு அடக்கமானதுதான். முடிவுரை அடக்கமாக இருக்கிறதா என்பதே கேள்வி. தலைப்பில் ‘முதல் அனுபவம்’ என்றும் முடிவில் ‘தாராளமாக வாங்கலாம்’ என்றும் எழுதுபவர், முன்னதைப் பின்னதற்கு முன்ஜாமீனாக வாங்கி வைத்துக்கொள்கிறார். ‘வாங்கலாம்’ என்பது முதல் நாளைப் பற்றிய வாக்கியம் ஆகாது. வாங்கியவர் அதனோடு கழிக்கப்போகும் ஆயிரம் நாட்களைப் பற்றிய வாக்கியம்.

‘வெளியான நாளிலேயே வாசகருக்குத் தகவல் வேண்டுமே’ என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. காத்திருக்க முடியாத வாங்குபவர் உண்டு. பழைய மவுஸ் செத்துப்போய், சமர்ப்பிக்க வேண்டிய தேதி நெருங்கி நிற்பவருக்கு நூறாம் நாள் அறிக்கை உதவாது. ஆனால் அவருக்கும் உதவுவது, இப்போது தெரிந்தது இது, தெரியாதது இது என்று கோடு கிழித்துத் தரும் எழுத்தே. தெரியாததை உற்சாகத்தால் நிரப்பித் தரும் எழுத்து அவருடைய அவசரத்தை விற்றுக் காசாக்குகிறது. அவசரம் உண்மையில் யாருடையது என்பதையும் பார்க்கலாம். புதிய பொருள் ஒன்றின் மவுசு சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் எழுதினால் பார்வையாளர்கள் வருவார்கள். நூறாம் நாளில் எழுதினால் அடுத்த மாடல் வந்திருக்கும். வாசகரின் அவசரம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு தரகின் அவசரம்.

‘ஒரு விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?’ என்பது மூன்றாவது. கல்விப்புலத்திலிருந்து வரும் வாதம் இதுவாகவே இருக்கும். ஆகவே இதற்கு விடை சொல்வது அவசியம். முதல் அனுபவத்தைத் தீர்ப்பாக்கும் பழக்கம் கேமிங் மவுஸோடு பிறந்ததல்ல. அது பல்கலைக்கழகத்தில் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. முன்னுரையையும் பின்னட்டையையும் படித்துவிட்டு எழுதப்படும் நூல் மதிப்புரை அதன் உறவினர். சுருக்கத்தை மட்டும் வாசித்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அதன் உறவினர். ஒரு பருவம்கூட முடியாமல் ‘வெற்றி’ என்று அறிக்கை எழுதப்படும் பாடத்திட்டச் சீர்திருத்தமும், பத்து நிமிட நேர்காணலில் ஒருவரின் ஆய்வுத் திறனை எடைபோட்டுவிடும் தேர்வுக்குழுவும் அதே குடும்பம். மவுஸ் மதிப்புரையாளரிடம் சிரிப்பவர்கள் தம் துறையின் கண்ணாடியைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்கள். மவுஸ் சிறிய பொருளாக இருப்பதே இதில் ஒரு வசதி: பிழையை அதில் முழுமையாகப் பார்க்க முடிகிறது.

நீண்டகால அறிவு இந்த நாட்டில் இல்லாமலும் இல்லை. தில்லியின் நேரு பிளேஸிலும் பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் மும்பையின் லாமிங்டன் சாலையிலும் சாலிடரிங் இரும்போடு உட்கார்ந்திருக்கும் பழுதுபார்ப்பவரிடம் அது இருக்கிறது. எந்த மாடலின் கூட்டை அடிப்பட்டையைக் கிழிக்காமல் திறக்க முடியாது, எதில் பேட்டரியைத் தனியே மாற்றலாம், எதன் ஸ்க்ரோல் சக்கரம் ஓராண்டில் பின்னோக்கித் தாவும் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில் இருக்கிறது. பெட்டி திறப்பவர் பொருளின் பிறப்பைப் பார்க்கிறார். பழுதுபார்ப்பவர் அதன் நோயைப் பார்க்கிறார். தில்லி சீலம்பூரில் மின்கழிவைப் பிரித்தெடுப்பவர் அதன் பிணத்தைப் பார்க்கிறார். மூவரில் முதலாமவருக்கு மட்டுமே நுண்ணொலிவாங்கி தரப்பட்டிருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலை அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இரண்டின் நோக்கமும் பொருளின் ஆயுளை நீட்டிப்பதும் அதன் முடிவுக்குப் பொறுப்பேற்கச் செய்வதும்தான். மதிப்புரை மரபு மட்டும் இன்னும் பொருளின் முதல் மாலையிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

கல்விப்புலத்தினரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இன்னொரு சான்றாவணம் தூசி படிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் கணினி ஆய்வகத்திலும் டெட் ஸ்டாக் பதிவேடு என்றொரு தடித்த நோட்டு இருக்கிறது. எத்தனை மவுஸ்கள், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கப்பட்டன, எப்போது பயனற்றவை என்று நீக்கப்பட்டன என்பதை எழுதி வைக்கும் ஏடு அது. அரசுக் கணக்கு விதிகள் ஆண்டுதோறும் பொருள்களை நேரில் சரிபார்க்கச் சொல்கின்றன. ஆகவே அந்தப் பதிவு தொடர்ச்சியானது. விதவிதமான கைகள், முரட்டுப் பயன்பாடு, மின்வெட்டு, தூசி, மழைக்காலம் எல்லாவற்றையும் கடந்த நூற்றுக்கணக்கான மவுஸ்களின் பிறப்பு இறப்புக் கணக்கு அது. அவை பெரும்பாலும் மலிவான மவுஸ்கள்தான். ஆனால் முறை ஒன்றே. புள்ளியியல் துறையின் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் அதிலிருந்து உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு ஒன்றைச் செய்துவிட முடியும். ஆயிரம் பெட்டி திறப்புக் காணொளிகள் சொல்லாததை அந்த ஒரு வரைபடம் சொல்லும். தணிக்கைக்கு மட்டுமே திறக்கப்படும் ஏடு ஆய்வுக்கும் திறக்கப்பட்டால் எவருக்கும் நட்டமில்லை.

முதல் அனுபவம் எழுதுபவர்களிடம் கேட்கப்பட வேண்டியவை மிகக் குறைவு. எத்தனை மணிநேரம் பயன்படுத்தியது என்பது முதல் வரியில் வரட்டும். பொருளுக்குப் பணம் கொடுத்தது யார் என்பது இரண்டாம் வரியில் வரட்டும். கையின் நீள அகலம் மில்லிமீட்டரில் வரட்டும். உணர்ந்தது, அளந்தது, பெட்டியில் படித்தது ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்கட்டும். ‘வாங்கலாம்’ என்ற சொல் நூறாம் நாள்வரை காத்திருக்கட்டும். நூறாம் நாளில் அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து, பொய்த்துப்போன வாக்கியங்களை அடித்துக் காட்டட்டும். இவற்றுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு நாட்காட்டியும் கொஞ்சம் வெட்கமும் இருந்தால் போதும்.

வாசகர்களிடமும் ஒரு கடமை உண்டு. இன்று தேடப்படும் மவுஸின் பெயரோடு ‘ஓராண்டுக்குப் பின்’ என்ற சொற்களைச் சேர்த்துத் தேடிப் பார்க்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால், அந்த வெறுமையே ஒரு தகவல். அதன் பிறகு நேரு பிளேஸின் மாடிப்படியில் ஏறி, பழுதுபார்ப்பவரின் மேசைமீது எந்த மவுஸ்கள் வயிறு திறந்து கிடக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். மரக்கட்டையால் செய்த முதல் மவுஸ், பழகியவர்களின் கைக்காகக் காத்திருந்துதான் முழங்கால் கருவியை வென்றது. அதன் வழிவந்த ஒன்றைப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குபவருக்கும் அந்தப் பொறுமையில் பங்கு கேட்கும் உரிமை இருக்கிறது.